இரண்டு பாட்டுக்கு நடுவில்

இந்தப் பாட்டு முடியட்டும், சொல்லிருவேன். பெரிய பாட்டெல்லாம் இல்லை, ரெண்டு சரணந்தான், இப்பவே ரெண்டாவது சரணத்துக்குள்ள வந்துட்டாங்க. முடிஞ்சதும் மேடையில பாடுற பையன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மணமக்களுக்கு ஒரு கைதட்டுக் குடுங்கன்னு கேப்பான், யாரும் தட்ட மாட்டாங்க, அவனே தட்டிக்கிடுவான், அதுக்கு எப்படியும் பதினஞ்சு செகண்டு ஆகும். அதுக்குள்ள சொல்லணும். கோதை, அன்னைக்கு அந்தச் சீட்டை எழுதினது நான்தாண்டி. அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தா ஆறு வார்த்தை வருது. ஆறு வார்த்தைக்கு முப்பத்தொன்பது வருசமா முழிக்கிறவளை என்னன்னு சொல்றது. கல்யாண மண்டபத்துல உக்காந்து பேசுற விசயமா இதுன்னா, இல்லைதான். ஆனா வேற எங்க பேச. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு அவளுக்கு ரயிலு. தம்பி மக ரிசப்ஷன்னு வந்திருக்கா, இனி வடக்க பிலாயில இருந்து கிளம்பி மதுரைக்கு வர்றதுக்கு அவளுக்கு இங்க ஒரு விசேஷமும் பாக்கி இல்லை. மூட்டு தேஞ்சு போச்சு, படி ஏற முடியலைன்னு நேத்தே சொன்னா. எனக்கும் பிரஷர் மாத்திரை ஒண்ணு ரெண்டாயிருச்சு. இந்த ஸ்பீக்கர் பெட்டி வேற எனக்கு நேரா நிக்குது, ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சுக்குள்ள என்னமோ இடம் மாறுது. பின்னாடி போய் உக்காரலாம்டின்னு கெஞ்சினேன், கேட்டாளா. கச்சேரின்னா முன் வரிசைதான்னு சொல்லி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, வெள்ளைத் துணி போட்டு ரிப்பன் கட்டின நாற்காலியில உக்கார வச்சுட்டா. எங்க வீட்டுக்காரர் முதல் பந்திக்கே போயிட்டாரு. அவருக்குக் கச்சேரிங்கிறது சாப்பாடு தயாராகுற வரைக்கும் போடுற இரைச்சல். நானும் அவருகூடப் போயிருந்தா இந்நேரம் இலையில பாயசம் விழுந்திருக்கும், இந்த அவஸ்தை இருந்திருக்காது. ஆனா போகலை. இவ பக்கத்துல உக்காந்து ஒரு கச்சேரி பார்த்து முப்பத்தொன்பது வருசமாச்சு. இவளும் நானும் சேர்ந்து கடைசியாப் பார்த்தது அந்தச் சீட்டு எழுதின கச்சேரிதான்.

பாட்டு முடிஞ்சிருச்சு. பையன் கைதட்டுக் கேக்குறான். நான் கோதைன்னு வாயைத் திறக்குறேன், அவ அதே நேரத்துல என் பக்கம் திரும்பி, "கொடி, அந்த மழைக் கச்சேரி ஞாபகம் இருக்கா உனக்கு" அப்படின்னா. ஜெயக்கொடிங்கிற என் பேரைக் கொடின்னு கூப்பிட இந்த உலகத்துல இவ ஒருத்திதான் பாக்கி. ஞாபகம் இல்லாமப் போகுமா. மாதா கோயில் திருவிழாவுக்குப் போட்ட கச்சேரி. நாலாவது பாட்டுல தூறல் விழுந்து அஞ்சாவது பாட்டுல கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு. ஒரு சனம் எந்திரிச்சுப் போகலையே. மடக்கு நாற்காலியை மடக்கித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு மைதானம் முழுக்க நின்னாங்க. மேடையில பாடகருக்கு ஒருத்தர் குடை பிடிச்சாரு, காத்துல குடை மடங்கி மேல பார்த்து விரிஞ்சிருச்சு, அந்த மனுசன் ஒரு வரி விடலை. "கண்ணாடியைக் கழத்தி ஜேபியில வச்சுக்கிட்டுப் பாடினாருடி" அப்படிங்கிறா கோதை. அது எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது நாங்க ரெண்டு பேரும் ஒரே நாற்காலியைத் தலைக்கு மேல பிடிச்சிருந்தது, இவ தன் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு என் பாவாடை முழுக்க நனைஞ்சது. அதைச் சொன்னேன். "நீதானடி சாய்ச்சுப் பிடிச்ச"ன்னா. "நான் எங்கடி சாய்ச்சேன், உனக்கு உசரம் பத்தலை"ன்னேன். சிரிச்சா. அதுக்குள்ள அடுத்த பாட்டை ஆரம்பிச்சுட்டாங்க. பதினஞ்சு செகண்டும் மழையில போச்சு. பரவாயில்லை, அடுத்த பாட்டு இருக்கு. ஒரு ரிசப்ஷனுக்குக் குறைஞ்சது இருபது பாட்டாவது பாடுவாங்க, இப்ப ஒன்பதோ பத்தோதான் ஆயிருக்கு. இப்படித்தான் நான் ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே தள்ளித் தள்ளிப் போட்டிருக்கேன். அவ கல்யாணத்தன்னைக்குச் சந்தனக் கிண்ணத்தோட வாசல்ல நின்னப்ப, தாலி கட்டி முடியட்டும்னு நினைச்சேன். அவ ரயிலேறினப்ப, போய்ச் சேரட்டும், லெட்டர் போடலாம்னு நினைச்சேன். லெட்டரும் எழுதினேன். மடிச்சு அலமாரியில துணிக்கு அடியில வச்சு, ஒரு தீபாவளிக்கு அலமாரியை ஒழுங்கு பண்ணினப்ப எடுத்துக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

மேடையில இப்ப ஒரு பொண்ணு வந்து பாடுது. நல்லாத்தான் பாடுது, ஆனா போன்ல வரிகளைப் பார்த்துப் பாடுது. வாசிக்கிறதுக்கு மொத்தம் ரெண்டு பேருதான். ஒருத்தன் கீபோர்டு, பக்கத்துல ஒரு லேப்டாப்பு, முக்காவாசி அதுலயே வந்துருது. ஒருத்தன் ரெண்டு குச்சியை வச்சுக்கிட்டு ஒரு பலகையைத் தட்டுறான், அதுல தபலாவும் வருது மிருதங்கமும் வருது. எங்க காலத்துல மேடையில இருபது பேரு இருப்பாங்க. அக்கார்டியன் ஒருத்தர் தோள்ல மாட்டியிருப்பாரு, வயலின் நாலு பேரு, டிரம்ஸுக்குப் பின்னாடி இருக்கிறவர் முகமே தெரியாது. பொம்பளைக் குரல்ல பாடுற ஆம்பளை ஒருத்தர் எல்லாக் குழுவுலயும் இருப்பாரு. பெரிய மீசையோட வந்து நின்னு குயில் மாதிரி ஆரம்பிப்பாரு, கூட்டம் அரண்டு போகும். திரைக்குப் பின்னாடி ஒரு பொம்பளையை ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நான் பந்தயம் கட்ட, இவ மேடைக்குப் பின்னாடி போய் எட்டிப் பார்த்துட்டு, அங்க சமையல்காரர் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்காருடின்னு வந்து சொன்னா. மதுரையில நாங்க பார்க்காத கச்சேரி இல்லை. ஆடி மாசம் தெருவுக்குத் தெரு மாரியம்மனுக்குப் பொங்கல், தெருவுக்குத் தெரு மேடை, சித்திரையில தமுக்கம் பொருட்காட்சி, மார்கழியில மாதா கோயில். வீட்டுல விடுவாங்களான்னா, தனியா விட மாட்டாங்க. கோதைகூடப் போறேன்னு நான் சொல்லுவேன், கொடிகூடப் போறேன்னு அவ சொல்லுவா, ரெண்டு வீட்லயும் விட்டுருவாங்க. கூடவே அவ பெரியப்பா சங்கரலிங்கம் முன் வரிசையில உக்காந்திருப்பாரு, எங்க தெரு விழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர், அவரை மீறி ஒண்ணும் நடந்துறாதுன்னு ஒரு நம்பிக்கை.

சீட்டுதான் எங்களுக்குப் பெரிய விளையாட்டு. பாட்டுக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பணும். நோட்டுல ஓரத்தைக் கிழிச்சு, பாட்டு பேரு, கீழ விரும்பிக் கேட்பவர்னு போட்டு நம்ம பேரு. எழுதி முன்னாடி இருக்கிறவர் கையில குடுத்தா அவரு அவருக்கு முன்னாடி இருக்கிறவர்கிட்டக் குடுப்பாரு, அப்படியே கை மாறி கை மாறி மேடைக்குப் போயிரும். அறிவிப்பாளர் ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்து எல்லாத்தையும் தட்டுல வாங்கி வச்சு, பாட்டுக்கு முன்னாடி கணீர்னு வாசிப்பாரு. நாலாயிரம் பேருக்கு முன்னாடி பேரு வரும். பொண்ணுங்க யாரும் சொந்தப் பேரை எழுத மாட்டோம், எழுதினா அன்னைக்கோட படிப்பு முடிஞ்சது. அது எங்களுக்குள்ள எழுதாத சட்டம். எங்க காலேஜ் விலங்கியல் மேடம் பேரை எழுதுவோம், ஹாஸ்டல் வார்டன் பேரை எழுதுவோம், காதல் பாட்டா பார்த்து எழுதுவோம். அந்த மேடம் பேரையும் ப்யூன் பேரையும் சேர்த்து ஒரு தடவை வாசிச்சப்ப சிரிப்பை அடக்க முடியாம கோதைக்கு விக்கல் வந்து, பக்கத்துல இருந்த அம்மா சோடா வாங்கிக் குடுத்துச்சு. பேரு யாரோடதா இருந்தாலும் சரி, எங்க ரெண்டு பேரு பேரு மட்டும் வரக்கூடாது. சட்டம் போட்டதே நான்தான். போட்டவளே மீறினா.

எட்வினைப் பத்தி நினைக்காம அந்த ராத்திரிக்குப் போக முடியாது. ராத்திரின்னு ஏன் சொல்றேன், எட்டு மணி கூட இருக்காது, டியூப் லைட்டு வெளிச்சத்துல தெருவே பகலாட்டம் இருந்துச்சு. எட்வின் கச்சேரிக் குழுவுல பாங்கோஸ் வாசிப்பான், அந்த ஜோடிக் குட்டி மேளம். ஒல்லியா, சுருட்டை முடி, இருபத்திரண்டு வயசு இருக்கும். அவன் குழு எங்க போனாலும் நாங்க போனோம், பாட்டுக்காகன்னு சொல்லிக்கிட்டோம். அவன் வாசிக்கிறப்ப ஒரு தடவை நிமிர்ந்து எங்க பக்கம் பார்த்துச் சிரிச்சான். பொருட்காட்சியில ஒரு தடவை, செவ்வாச் சந்தை மேடையில ஒரு தடவை. எங்க பக்கம்னா யாரு பக்கம். நான் இருந்தேன், இவ இருந்தா. எனக்கு அதுதான் சாப்பிட விடலை, தூங்க விடலை. கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பார்ப்பேன். கோதைக்கு என்னைவிட நல்ல கலரு, நீள முடி. ஆனா நான்தான அவன் வாசிக்கிறப்ப கண்ணை எடுக்காம பார்க்குறேன், இவ பாட்டுக்குப் பாடகரைப் பார்த்துக்கிட்டு இருக்கா, அப்ப என்னைத்தான இருக்கணும். இப்படியே அஞ்சு மாசம். பைத்தியம் பிடிக்காத குறை. ஆடிப் பொங்கல் கச்சேரிக்கு எங்க தெருவுக்கே அந்தக் குழு வந்துச்சு. கோதை அவ அம்மாவைக் கூப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் சீட்டு எழுதினேன். என் பேரை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். சத்தியமா. கை வரலை. அப்ப ஒரு புத்தி வந்துச்சு பாருங்க, அதுக்குப் பேரு புத்தியா. அவ பேரை எழுதுவோம், அவன் பேரையும் எழுதுவோம், வாசிக்கிறப்ப அவன் யாரைப் பார்க்குறான்னு பார்ப்போம். இவளைப் பார்த்தான்னா இவளுக்குத்தான், விட்டுருவோம். பார்க்கலைன்னா எனக்கு. தெரிஞ்சாப் போதும்னு இருந்துச்சு. விரும்பிக் கேட்பவர்கள் பூங்கோதை, எட்வின். எழுதி மடிச்சு முன்னாடி இருந்தவர் கையில குடுத்துட்டேன். அது நாலு கை மாறினப்பவே பயம் வந்துருச்சு. எந்திரிச்சு வாங்கியிருக்கலாம். முன்னாடி இருக்கிறவங்க திரும்பிப் பார்ப்பாங்களேன்னு உக்காந்திருந்தேன்.

"என்னடி கனவு காணுற" அப்படின்னு தோளைத் தட்டுறா கோதை. பாட்டு முடிஞ்சிருக்கு. நான் கவனிக்கலை. இதுவும் போச்சு, அவன் அடுத்த பாட்டுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிட்டான். "ஒண்ணுமில்லைடி, சத்தம்"னேன். சத்தம் அவளுக்கு உறைக்கலை. தலையை ஆட்டித் தொடையில தாளம் போடுறா, ஒரு அடி முன்னப் பின்ன போகலை. பிலாயில இவளுக்கு என்ன கச்சேரி கிடைச்சிருக்கும். இவ வீட்டுக்காரர் கதிரேசன் அத்தான் கெட்டவர் இல்லை, குடி கிடையாது, கை நீட்ட மாட்டாரு. இரும்பு ஆலையில ஷிப்டு. ராத்திரி வேலைக்குப் போய்ட்டுப் பகல்ல தூங்குவாரு, வீட்டுல கரண்டி கீழ விழக்கூடாது. ரேடியோவுக்கு உறை தச்சுப் போட்டு மேல வச்சிருந்தேன்டின்னு ஒரு தடவை போன்ல சொன்னா. பொங்கலுக்கு அங்க தமிழ்க்காரங்க சேர்ந்து ஒரு கச்சேரி வைப்பாங்களாம், வருசத்துக்கு ஒண்ணு, அன்னைக்குன்னு பார்த்து அவருக்கு வேலை இருக்கும், இவ தனியாப் போக மாட்டா. அப்படியே எத்தனை பொங்கல். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரு தவறிப் போயிட்டாரு. எல்லாம் எதனால. ரெண்டாம் வருசம் பி.எஸ்ஸி. படிச்சுக்கிட்டிருந்தவ, எங்க வகுப்புல முதல் மார்க்கு, தவளையை இவ அறுத்தா மேடம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டும். ரெண்டே மாசத்துல படிப்பை நிறுத்தி, யாரோ ஒன்றுவிட்ட சொந்தம்னு தேடிப் பிடிச்சு, மொழி தெரியாத ஊருக்குக் கட்டி அனுப்பிட்டாங்க. சீட்டு மட்டும் இல்லைன்னா என் கூடவே டீச்சர் டிரெயினிங் படிச்சிருப்பா. ரிட்டயர் ஆகி என்னை மாதிரி பென்சன் வாங்கியிருப்பா. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, எப்படியும் ஒரு கதிரேசன் வந்திருப்பாரு. இந்த வாதத்தை நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன். பாத்திரம் தேய்க்கிறப்ப, பேப்பர் திருத்துறப்ப. ஒரு தடவை கூட ஜெயிக்கலை.

அறிவிப்பாளர் வாசிச்ச குரல் இப்பக் கூட காதுல கேக்குது. நல்ல குரல் அந்த மனுசனுக்கு, சீட்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சு, பூங்கோதைன்னு நிறுத்தி, ஒரு சிரிப்புச் சிரிச்சு, நம்ம எட்வின் அப்படின்னாரு. கூட்டத்துல விசில் பறந்துச்சு. கோதை அப்பத்தான் அவ அம்மாவோட வந்து உக்காந்திருந்தா. அப்படியே தலையைக் குனிஞ்சா, தாடை நெஞ்சுல முட்டுற அளவுக்கு. நான் அவளைப் பார்க்கலை. நான் எட்வினைப் பார்த்தேன். அதுக்காகத்தான எழுதினேன். அவன் ஒரு சாவியை வச்சுப் பாங்கோஸைத் திருகிக்கிட்டு இருந்தான். காதைக் கிட்ட வச்சு விரலால தட்டிப் பார்த்தான், மறுபடி திருகினான். பக்கத்துல கிட்டார் வாசிக்கிறவன் இடுப்புல இடிச்சப்பத்தான் நிமிர்ந்து, அவனைப் பார்த்து என்னன்னு கேட்டான். எங்க பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கு அந்தப் பேரு யாருன்னே தெரியலை. எந்தப் பொண்ணோட பேரும் தெரியலை. அஞ்சு மாசமா அவன் சிரிச்சது யாரைப் பார்த்துன்னா யாரையும் பார்த்து இல்லை, டியூப் லைட்டைப் பார்த்துக் கூடச் சிரிச்சிருப்பான். அது எனக்குப் புரியுறதுக்குள்ள முன் வரிசையில நாற்காலி சாஞ்ச சத்தம் கேட்டுச்சு. சங்கரலிங்கம் பெரியப்பா மேடையில ஏறிட்டாரு. அறிவிப்பாளர் கையில இருந்த சீட்டைப் பிடுங்கி அங்கயே சுக்கு நூறாக் கிழிச்சாரு. அதை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருந்தா என் கையெழுத்தைக் கோதை ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருப்பா. கிழிச்சதால நான் தப்பிச்சேன். எட்வினைச் சட்டையைப் பிடிச்சு மேடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணேன்னு அவன் கத்தினது எல்லாருக்கும் கேட்டுச்சு. நாலு அடி அடிச்சிருப்பாங்க. அந்தக் குழு அப்புறம் எங்க தெருப் பக்கம் வரலை. அவன் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கப் பயந்துக்கிட்டு நான் யாரையும் கேட்கவும் இல்லை.

அதுக்கப்புறம் கச்சேரிக்கே போகக்கூடாதுன்னு இருந்தேன். இருக்க முடியலை. வெக்கங்கெட்ட ஆசை இது. காது கேட்ட பக்கம் காலு போயிரும். கல்யாணமாகி, பிள்ளை பெத்து, ஸ்கூலு வேலைக்குப் போய்க்கிட்டே நான் எத்தனை மேடை பார்த்தேன். ஒரு தடவை பொருட்காட்சியில கரண்டு போயிருச்சு, மைக் செத்துப் போச்சு, டிரம்ஸ்காரரு மட்டும் இருட்டுல நிறுத்தாம வாசிச்சாரு, கரண்டு வந்தப்ப ஒருத்தரும் எடத்தை விட்டு அசையலை. போன வருசம் என் மக என்னைச் சென்னையில ஒரு பெரிய மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனா, பாடுறவர் கட்டை விரல் அளவுதான் தெரிஞ்சாரு, நான் திரையைப் பார்த்துட்டு வந்தேன். எங்க போனாலும் இதை கோதைகிட்டச் சொல்லணுமேன்னு தோணும். விரும்பிக் கேட்பவர்னு யாராவது மைக்குல சொல்லிட்டா மட்டும் கை வேர்த்துரும். புருசன் என்னான்னு கேட்பாரு, பிரஷர்னு சொல்லுவேன். பிரஷர் மாத்திரை போடுறதுக்கு இருபது வருசத்துக்கு முன்னாடியே எனக்குப் பிரஷர்.

இதென்ன, பாட்டு பாதியில நின்னு போச்சு. பொண்ணு ஒரு வரி தனியாப் பாடிட்டு அதுவும் நிறுத்திருச்சு. லேப்டாப்பு நின்னு போச்சாம். கீபோர்டுக்காரன் குனிஞ்சு என்னத்தையோ அமுக்குறான். அது நின்னா எல்லாம் நின்னுருது இப்ப. பையன் மைக்குல, ஒரு சின்ன தடங்கல், அஞ்சு நிமிசம் பொறுத்துக்கங்கன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டான். மண்டபம் அப்படியே அமைதியாயிருச்சு. பந்தியில சாம்பார் கேக்குற சத்தம் இங்க வரைக்கும் வருது. அஞ்சு நிமிசம். பதினஞ்சு செகண்டு இல்லை, அஞ்சு நிமிசம். இனி என்ன சாக்குச் சொல்லப் போறேன். சொன்னா என்ன பண்ணுவா. எந்திரிச்சுப் போயிருவா. போகட்டும். கன்னத்துல அறைவா. அறையட்டும், வாங்கிக்கிறேன். அழுவா. அழுதா என்ன பண்றதுன்னுதான் தெரியலை. அழுதாலும் சரி, அவ வாழ்க்கையைப் பத்தி அவளுக்கே தெரியாத ஒண்ணை நான் என்கிட்ட வச்சுக்கிட்டு இருக்கேன், அதைக் குடுத்துறணும். "கோதை" அப்படின்னேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"எனக்கும் உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" அப்படின்னா அவ. "சத்தம் இல்லாத நேரமாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் முதல்ல கேட்டுறவா?" கேளுன்னேன். எனக்கு அதுலயும் ஒரு நிம்மதி, இன்னும் ஒரு நிமிசம். அவ மடியில இருந்த கைப்பையைத் திறந்து மூடினா. "சிரிக்கக் கூடாது. இந்த வயசுல என்னன்னு கேக்கக் கூடாது. அன்னைக்கு எட்வின் சீட்டு எழுதி அனுப்பினான்ல." எட்வின் எழுதினான். எட்வின். அவ மெதுவாப் பேசிக்கிட்டே போறா, மேடையைப் பார்த்துக்கிட்டே. "எம் பேரை எப்படித்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டானோ. அவ்வளவு கூட்டத்துல, எங்க பெரியப்பா முன்னாடியே உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சும், எம் பேரையும் அவன் பேரையும் சேர்த்து எழுதியிருக்கான் பாரு. என்ன தைரியம். அப்புறம் அடிச்சப்பக் கூட எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே சொன்னான். என்னைக் காப்பாத்தத்தான். என்னை அடிச்சாங்க, படிப்பை நிறுத்தினாங்க, எல்லாம் இருக்கட்டும். பிலாய்ல முதல் குளிர்காலம், ஒரு ஆளு முகம் தெரியாது, பேசுறது புரியாது. அப்ப நினைச்சுக்குவேன், நாலாயிரம் பேருக்கு முன்னாடி என் பேரைச் சொல்ல வச்சவன் ஒருத்தன் இருந்தான்டி எனக்குன்னு. அவரு தூங்குறப்ப அடுப்படியில உக்காந்து அந்த அறிவிப்பாளர் குரல்லயே சொல்லிப் பார்ப்பேன். அவருக்கு ஒரு துரோகமும் பண்ணலை, குடும்பம் நடத்தினேன், பிள்ளையை வளர்த்தேன். இது மட்டும் தனியா இருந்துச்சு. இது இல்லைன்னா நான் அந்த ஊர்ல இருந்திருக்க மாட்டேன் கொடி. ஏதாவது பண்ணிக்கிட்டிருப்பேன்."

ஆறு வார்த்தையும் வாய்க்குள்ள வந்து நிக்குது. கோதை, அன்னைக்கு, அந்தச் சீட்டை. இவகிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டதுதான் எனக்குத் தெரியும், இவளுக்கு ஒண்ணு குடுத்திருக்கேன்னு தெரியாது. தெரியாமக் குடுத்திருக்கேன், அதை இப்ப உண்மைன்னு சொல்லித் திரும்ப வாங்கிக்கிடணுமா. என் மனசு லேசாகுறதுக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ரயிலேறி, ஒன்றரை நாள் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, ஒண்ணுமில்லாத கையோட அந்த வீட்டுல போய் இறங்குவா. நான் இங்க நிம்மதியா மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்குவேன். சொல்லாம விட்டா பொய்யி, சொன்னா கொலை, எதுடி ஜெயக்கொடி. நீ நல்லவன்னு யாரும் சொல்லப் போறதில்லை, எதுக்கு இந்த யோசனை. "என்ன கேக்கணும்" அப்படின்னேன், குரல் சரியாத்தான் வந்துச்சு.

"நான் தலையைக் குனிஞ்சுட்டேன்ல. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. நீ பக்கத்துலயே இருந்த, நீ பார்த்திருப்ப. எம் பேரை வாசிச்சப்ப அவன் என்னைப் பார்த்தானா?"

"பார்த்தான்"னேன்.

"நிஜமா?"

"அட, நிஜமாத்தான். கையில ஏதோ திருகிக்கிட்டு இருந்தவன் அப்படியே விட்டுட்டு நிமிர்ந்தான். கிட்டார்க்காரன் இடுப்புல இடிச்சான், அதைக் கூடக் கண்டுக்கலை. நீ குனிஞ்சே இருந்த, நிமிர மாட்டாளான்னு பார்த்துக்கிட்டே இருந்தான். உங்க பெரியப்பா மேடையில ஏறுற வரைக்கும் கண்ணை எடுக்கலை."

கோதை கண்ணாடியைக் கழத்தி முந்தானையில துடைச்சா, துடைச்சுட்டுப் போடாம கையிலயே வச்சிருந்தா. மேடையில லேப்டாப்பு சரியாயிருச்சு போல, கீபோர்டுல ரெண்டு கட்டை அமுக்கிப் பார்க்குறான். அப்புறம் அவ என் பக்கம் திரும்பினா. ஐம்பத்தெட்டு வயசு முகம், ரெண்டாம் வருச வகுப்புல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. ரொம்ப நாளா, சீட்டு வர்ற வரைக்கும், அவன் உன்னைத்தான் பார்க்குறானோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சுடி" அப்படின்னா.

"என்னை எதுக்குடி பார்க்கப் போறான்"னேன்.